தன் மக்களின் வரலாற்றை எழுதிய ஆயர்
சாமுவேல் ஜான்சனின் ‘யொரூபாக்களின் வரலாறு’ – ஒரு திறனாய்வு

மேற்கு ஆப்பிரிக்க மக்களின் சமயத்தையும் பண்பாட்டையும் பற்றி நாம் படிக்கும் நூல்களுள் பெரும்பாலானவை வெளியிலிருந்து அங்குச் சென்றோர் எழுதியவை. மிஷனெரிகள், ஆட்சி அலுவலர், மானிடவியலார் ஆகியோரின் கண்கொண்டே அம்மக்களை நாம் கண்டுவந்திருக்கிறோம். இவர்களுள் நேர்மையாளர் பலர் உளர். எனினும், ஒரு மக்களினத்துள் பிறந்து, அதன் மொழியில் அழுது, அதன் போர்களில் பசித்திருந்து, பின் அதன் நடுவிலேயே நற்செய்திப் பணியாற்றிய ஒருவர் தம் மக்களைப் பற்றி எழுதும்போது அந்நூல் தனி மதிப்புப் பெறுகிறது. அருட்திரு. சாமுவேல் ஜான்சன் எழுதிய ‘யொரூபாக்களின் வரலாறு’ அத்தகைய நூல். 1897இல் எழுதி முடிக்கப்பெற்று, 1921இல் அச்சேறிய இந்நூல் நூறாண்டைக் கடந்துவிட்டது. யொரூபா மக்களைப் பற்றி எழுதுவோர் எவரும் இன்றும் இந்நூலைத் தொடாமல் எழுத இயலாது. தொட்டபின் இதனோடு வாதிடாமல் இருக்கவும் இயலாது.

இக்கட்டுரையின் நோக்கம் நூலைப் புகழ்வதன்று, பழிப்பதுமன்று. தம் மக்களின் பழைய சமயத்தையும் வரலாற்றையும் ஓர் ஆயர் எழுதப் புகும்போது அவருக்கு நேரும் சோதனைகள் எவை, அவற்றுள் எவற்றை ஜான்சன் வென்றார், எவற்றில் இடறினார் என்பதை ஆராய்வதே நம் நோக்கம். இவ்வினா ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று என்பதை ஆயர்களாகிய வாசகர் அறிவர்.

நூலாசிரியரும் நூல் பிறந்த கதையும்

ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் வேறு, இவர் வேறு. நம் ஆசிரியர் 1846இல் சியரா லியோனில் ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். இவருடைய தந்தை ஓயோ அரசகுடி வழிவந்தவர் என்பது குடும்ப மரபு. யொரூபா நாட்டுப் போர்களில் சிறைப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு, பிரித்தானியக் கடற்படையால் விடுவிக்கப்பட்டுச் சியரா லியோனில் குடியேற்றப்பட்டோருள் அவர் ஒருவர். 1850களின் இறுதியில் அக்குடும்பம் தாயகம் திரும்பி, சி.எம்.எஸ். என நாம் வழங்கும் சர்ச் மிஷனெரி சங்கத்தின் பணிக்களமாகிய இபாதான் நகரில் தங்கியது. அங்கு ஜெர்மானியரான டேவிட் ஹிண்டரரும் அவர் துணைவியார் அன்னாவும் பணியாற்றிவந்தனர். இளைஞர் சாமுவேல் அபெயோகுதா நகரின் பயிற்சிப் பள்ளியில் கற்று, இபாதானில் ஆசிரியராகவும் பின் உபதேசியாராகவும் தொண்டாற்றினார். 1880இல் உதவிக்குருவாகவும், 1888இல் குருவாகவும் அருட்பொழிவு பெற்றார். பிற்காலத்தில் ஓயோ நகரின் ஆயராக இருந்து, 1901இல் இறைவனடி சேர்ந்தார்.

நூலின் கதையோ ஆசிரியரின் கதையினும் துயரமானது. 1899இல் கைப்படி ஒரு பெரிய மிஷனெரிச் சங்கத்தின் வாயிலாக இங்கிலாந்தில் பெயர்பெற்ற ஒரு பதிப்பாளருக்கு அனுப்பப்பெற்றது. பின் அதைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஆசிரியரின் தம்பியும் மருத்துவருமாகிய ஒபதியா ஜான்சன் நேரில் சென்று வினவியபோது, கைப்படி எங்கோ தவறிவிட்டது என்றும், அதற்கு ஈடாகப் பணம் தருவதாகவும் பதிப்பாளர் கூறினாராம். இருபதாண்டு உழைப்புக்குப் பணம் ஈடாகுமா? அடுத்த ஆண்டு ஆசிரியர் மறைந்தார். தம்பி ஒபதியா, அண்ணன் விட்டுச்சென்ற குறிப்புகளையும் முதற்படிகளையும் கொண்டு நூலை மீண்டும் எழுதினார். 1916இல் அவர் அதை இங்கிலாந்துக்கு அனுப்பிய ‘அப்பாம்’ என்னும் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்று கைப்பற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. கைப்படி தப்பி அச்சகம் சேர நீண்டகாலம் ஆயிற்று. சேர்ந்தபின்னும் போர்க்காலத் தாள் தட்டுப்பாடு தடுத்தது. 1921இல் நூல் வெளிவந்தபோது ஒபதியாவும் முந்திய ஆண்டே காலமாகியிருந்தார். உடன்பிறந்தார் இருவருள் ஒருவரும் அச்சிட்ட நூலைக் கையிலேந்தவில்லை.

இதில் திறனாய்வாளர் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இன்று நம் கையிலுள்ளது சாமுவேல் எழுதிய மூலப்படியன்று. தம்பியின் கைபட்டு மீண்டும் உருவான படி. எந்தச் சொல் அண்ணனுடையது, எந்தக் கருத்துத் தம்பியுடையது என்று பிரித்துக் கூறுதல் எளிதன்று. திருமறை நூல்களில் மூலத்தையும் தொகுப்பாளரையும் பிரித்தறியப் பழகிய இறையியல் மாணவர்க்கு இந்நிலை புதிதன்று. அதே எச்சரிக்கையோடு இந்நூலையும் அணுகுதல் வேண்டும்.

நூலின் அமைப்பும் அதன் கொடையும்

எழுநூறு பக்கங்களை நெருங்கும் இந்நூல் இரு பகுதிகளை உடையது. முதற்பகுதி மக்கள், நாடு, மொழி, சமயம், ஆட்சிமுறை, பெயரிடும் மரபு, நிலவுரிமை, பழக்கவழக்கம் ஆகியவற்றை விளக்குகிறது. இரண்டாம் பகுதி புராண காலத்து மன்னர் முதல் பிரித்தானியர் காப்பாட்சி வரை ஓயோ அரசின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறுகிறது. நூலை எழுதத் தூண்டிய நோக்கத்தை ஆசிரியர் முன்னுரையில் மறைக்கவில்லை: தம் நாட்டுக் கற்றோர் இங்கிலாந்து, கிரேக்கம், உரோம் ஆகியவற்றின் வரலாற்றை அறிவர், தம் நாட்டு வரலாற்றையோ சிறிதும் அறியார், பழங்கதை அறிந்த முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்துவருகின்றனர், இந்நிலை நீங்கவேண்டும் என்பதே அவர் கவலை.

முதற்பகுதியே நூலின் உயிர் என்பது நம் கருத்து. எடுத்துக்காட்டாகப் பெயரிடுதல் பற்றிய இயலைக் கூறலாம். யொரூபா மக்களிடையே ஒரு குழந்தை பிறக்கும் சூழ்நிலையே சில பெயர்களை அதற்குக் கொண்டுவருகிறது. இரட்டையருள் முதலில் பிறந்தது தாயிவோ. பின்னர்ப் பிறந்தது கேஹிந்தே. ஆயினும் கேஹிந்தேயே மூத்தவர் என்பது அவர்கள் கொள்கை. ஏனெனில் உலகம் எத்தகையது என்று பார்த்துவர இளையவரை முன்னே அனுப்பியவர் அவரன்றோ! பிறந்து பிறந்து இறக்கும் குழந்தையை ‘அபிகு’ என்பர். அதைத் தங்கவைக்கும்படி பெற்றோர் இடும் பெயர்கள் கல்லையும் கரைக்கும். ‘இனிப் போகாதே’ எனப் பொருள்படும் மாலோமோ ஒரு பெயர். ‘மண்வெட்டி இல்லை’ எனப் பொருள்படும் கோசோகோ மற்றொன்று. உன்னைப் புதைக்கக் குழிதோண்ட இவ்வீட்டில் மண்வெட்டி இல்லை என்பது கருத்து. இப்பகுதியை எழுதியவர் ஒரு வரலாற்றாசிரியர் மட்டுமல்லர். குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தும், குழந்தைகளை அடக்கம் செய்தும் வந்த ஆயர். வெளியார் ஒருவர் இவற்றை மூடநம்பிக்கை எனப் பட்டியலிட்டிருக்கக்கூடும். ஜான்சனோ அவற்றின் உள்ளே ஒலிக்கும் தாயின் குரலைக் கேட்கிறார்.

ஆட்சிமுறை பற்றிய இயலும் இத்தகையதே. ஓயோ மன்னராகிய அலாஃபின் தெய்வங்களுக்கு அடுத்தவர் எனப் போற்றப்பட்டார். எனினும் அவருடைய ஆட்சி வரம்பற்றதன்று. பசோருன் என்னும் தலைவரின்கீழ் ஓயோ மேசி எனப்படும் எழுவர் அவை ஒன்று இருந்தது. கொடுங்கோல் மன்னனை அவ்வவை நிராகரித்தால், அதன் அடையாளமாக வெறும் சுரைக்குடுவையோ கிளிமுட்டைகளோ அவனுக்கு அனுப்பப்படும்; மன்னன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளவேண்டும். அதே அவையின் தலைவனாகிய காஹா என்பவன் இவ்வுரிமையைத் தன்னலத்திற்குப் பயன்படுத்தி மன்னர் பலரை அடுத்தடுத்து மாயச்செய்தான். 1774இல் அபியோடுன் என்னும் மன்னர் அவனை வீழ்த்தினார். அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பே கட்டுப்பாடற்ற அதிகாரமாக மாறக்கூடும் என்னும் உண்மையை ஜான்சன் விரித்துரைக்கவில்லை, நிகழ்ச்சிகளையே பேசவிடுகிறார். ஆப்பிரிக்கர் வெள்ளையர் வருமுன் அரசியலறிவு இல்லாதிருந்தனர் என்னும் கூற்றுக்கு இவ்வியலைவிடச் சிறந்த மறுப்பு வேண்டுவதில்லை.

மூலங்களை அவர் கையாண்ட முறை

எழுத்து மரபில்லாத மக்களின் வரலாற்றை எழுதியவர் எவற்றை ஆதாரமாகக் கொண்டார்? பழங்காலத்திற்கு அவர் பெரிதும் நம்பியது அரோகின் என்னும் அரசவைப் பாணர்களை. அரசர்களின் வரிசையையும் செயல்களையும் வழிவழியாக மனப்பாடமாகக் காத்து ஓதுவது இவர்தம் குலத்தொழில். அண்மைக்கால நிகழ்ச்சிகளுக்கோ, அவற்றைக் கண்ட முதியோரை அணுகிக் கேட்டார்; இபாதான் திருச்சபையின் மூத்த உறுப்பினர் ஒருவரும் அவர்களுள் அடங்குவர். தம் காலத்துப் போர்களை அவர் தாமே கண்டவர்.

இம்முறையின் வலிமையும் மெலிவும் ஒரே இடத்தில் உள்ளன. அரோகின்கள் ஓயோ அரசவையின் ஊதியத்தில் வாழ்ந்தவர்கள். அரசன் கேட்க விரும்பியதையே அவர்கள் நினைவு மிகுதியாகக் காத்தது. வாய்மொழி மரபு பொய் என்று தள்ளுதல் அறியாமை. அதை அது பிறந்த அவையினின்று பிரித்து உண்மை எனக் கொள்ளுதலும் அறியாமையே. ஜான்சன் சிற்சில இடங்களில் மாறுபட்ட மரபுகளை அருகருகே வைக்கிறார். பெரும்பான்மையான இடங்களில் ஓயோ மரபே தீர்ப்பாக நின்றுவிடுகிறது.

முதல் இடறல்: பிறப்பிடம் பற்றிய கொள்கை

யொரூபாக்கள் எங்கிருந்து வந்தனர்? ஜான்சன் கேட்ட மரபின்படி, மக்காவில் ஆண்ட லாமுருடு என்னும் மன்னனின் மகன் ஒடுடுவா. அவன் சிலைவணக்கத்தை மீண்டும் புகுத்தியதால் உள்நாட்டுப் போர் மூண்டது. தந்தை கொல்லப்பட, ஒடுடுவா தன் கூட்டத்தாருடன் தப்பி நெடுந்தொலைவு அலைந்து இலே-இஃபே என்னும் இடத்தில் குடியேறினான். இக்கதையில் இஸ்லாமிய வணிகர், போதகர் ஆகியோரின் தாக்கம் வெளிப்படை. ஜான்சன் அதை ஒருவாறு உணர்ந்தார். மக்காவிலிருந்து வந்தனர் என்பதை ஏற்கவில்லை. ஆனால் அதற்கு மாற்றாக அவர் கூறியது என்ன? லாமுருடு என்பது ஆதியாகமத்தின் நிம்ரோது என்னும் பெயரின் திரிபு. யொரூபாக்கள் மேல் எகிப்திலிருந்தோ நூபியாவிலிருந்தோ வந்தவர்கள். அவர்களுடைய பழஞ்சமயம் கீழைக் கிறிஸ்தவத்தின் சிதைந்த வடிவமாக இருத்தல் கூடும் என்கிறார். தன் ஒரே மகனை ஆற்றுத் தெய்வத்திற்குப் பலியாகக் கொடுத்த மொரெமி என்னும் இஃபே நாட்டு வீராங்கனையின் கதையிலும் திருமறைக் கதைகளின் சுவடுகளை அவர் காண்கிறார்.

இக்கொள்கை இன்று நிற்காது. யொரூபா மொழி நைஜர்-காங்கோ மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அண்டையிலுள்ள இக்போ, எதோ, நூபே ஆகிய மொழிகளே அதன் உறவு. எகிப்திலிருந்து பெருங்கூட்டம் வந்து ஒரு நாட்டை நிறுவியிருப்பின் அதன் தடம் மொழியில் பதிந்திருக்கவேண்டும், அது இல்லை. மேலும் இஃபே மக்களின் சொந்த மரபு ஒடுடுவாவை எங்கிருந்தும் வந்தவராகக் கூறுவதில்லை. வானினின்று இறங்கி, நீர்மேல் நிலத்தைப் படைத்து, உலகம் இஃபேயிலேயே தொடங்கியது என்றே கூறுகிறது.

ஆயினும், ஜான்சன் ஏன் இக்கொள்கையை விரும்பினார் என்பதே நமக்கு முதன்மையான வினா. தம் மக்களுக்கு ஒரு மேன்மையான மூதாதையரைத் தேடினார் அவர். திருமறையில் இடம்பெற்ற ஒரு பெயரோடு அவர்களை இணைத்துவிட்டால், அவர்கள் மாந்தக் குடும்பத்தில் மதிப்புக்குரிய இடத்தைப் பெறுவர் என எண்ணினார் போலும். இவ்விடத்தில் மற்றொரு நிகழ்ச்சியை ஒப்பிடுதல் தகும். 1910இல் இஃபேக்குச் சென்ற ஜெர்மானியர் லியோ ஃபுரோபேனியுஸ் அங்குக் கண்ட உலோகத் தலைச்சிற்பத்தின் அழகில் மயங்கினார். இத்தகைய கலையை ஆப்பிரிக்கர் படைத்திருக்க இயலாது என எண்ணி, கடலில் மறைந்ததாகக் கூறப்படும் அட்லாண்டிஸ் நாட்டின் எச்சம் இது என்றார். 1938இல் வீடு ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது மேலும் பல தலைகள் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் அம்மண்ணின் கலைஞரே வடித்தவை என்பது இன்று ஆய்வாளர் முடிபு.

ஃபுரோபேனியுஸ் ஆப்பிரிக்கரைத் தாழ்வாகக் கருதியதால் அவர்தம் மேன்மைக்கு அயல்நாட்டுத் தந்தையைத் தேடினார். ஜான்சன் தம் மக்களை நேசித்ததால் அதே தேடலில் இறங்கினார். நோக்கங்கள் எதிரெதிரானவை, முடிவு ஒன்றே: இம்மண்ணின் சிறப்பு இம்மண்ணில் பிறந்திருக்க முடியாது என்பது. அன்பின் காரணமாகவும் ஒரு மக்களுக்கு நாம் அநீதி இழைக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அத்தேனேயில் பவுல் ஆற்றிய உரை, எல்லா மக்களினங்களையும் கடவுளே உண்டாக்கி அவர்களுக்குக் காலத்தையும் எல்லையையும் வகுத்தார் என்கிறது. நிம்ரோதின் வழிவந்தால்தான் ஒரு மக்களினம் அக்கடவுளின் நினைவில் இருக்கும் என அவ்வுரை கூறவில்லை.

இரண்டாம் இடறல்: ஓயோவே யொரூபா என்னும் நோக்கு

யொரூபா என்னும் பெயர் முதலில் அம்மக்கள் அனைவரையும் குறித்ததன்று. வடக்கிலுள்ள ஹவுஸா மக்கள் ஓயோவினரைச் சுட்டிய பெயர் அது. எக்பா, இஜெபு, இஜேஷா, எகிதி, இஃபே எனத் தனித்தனியே தம்மை அழைத்துக்கொண்ட மக்களுக்கு அதைப் பொதுப்பெயராக்கியதில் திருச்சபைக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரே மொழியில் வேதாகமம், ஒரே எழுத்துமுறை, ஒரே பள்ளிப் புத்தகம் ஆகியவை ஒரே மக்கள் என்னும் உணர்வை வளர்த்தன. தாமே அடிமையாக விற்கப்பட்டு விடுவிக்கப்பட்ட சாமுவேல் அஜாயி கிரௌதர், 1864இல் ஆங்கிலத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானவர், இம்மொழிப்பணியின் தலைவர். உள்நாட்டு ஊழியர் எழுதிய நாட்குறிப்புகளின் துணைகொண்டு ஜே. டி. ஒய். பீல் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக நிறுவியுள்ளது. ஜான்சனின் நூல் இப்பொதுவுணர்வின் விளைவு. அதன் வளர்ச்சிக்குக் காரணமும் ஆகும்.

ஆனால் அவர் வரைந்த பொதுவீட்டில் தலைவாசல் ஓயோவுக்கே உரியது. ஒடுடுவாவின் பேரர்களுள் இளையவராகிய ஒரன்யானே நிலத்துக்கு உரிமை பெற்றார் என்றும், அவர் வழிவந்தவரே ஓயோ மன்னர் என்றும் கூறுகிறார். இஃபே மன்னராகிய ஓனியைப் பற்றியோ, வழிபாட்டிடங்களைக் காக்க விடப்பட்ட ஆதிமு என்னும் பணியாளனின் வழியினர் என்றும், அவன் தாய் பலியிடத் தீர்ப்புப் பெற்ற ஒரு பெண் என்றும் எழுதுகிறார். இஃபே நகரையே உலகின் தொடக்கமாகப் போற்றும் மக்கள் இதை எவ்வாறு ஏற்பர்? இரண்டு அரண்மனைகளுக்கும் இடையே மூத்தவர் யார் என்னும் வழக்கில் ஜான்சனின் ஏடு சான்றாக இழுக்கப்பட்டது. ராபின் லா முதலிய பின்னைய ஆய்வாளர், இத்தகைய மரபுகள் அந்தந்த அரசின் உரிமையை நிலைநாட்ட எழுந்தவை என்பதை எடுத்துக்காட்டியுள்ளனர். ஒற்றுமைக்காக எழுதப்பெற்ற நூல் வேற்றுமைக்கும் கருவியாயிற்று. ஓயோவின் ஆயர் ஓயோவைத் தாண்டிக் காண இயலாமற்போனது வருந்தத்தக்கது, ஆனால் வியப்பன்று.

மூன்றாவது: பழஞ்சமயம்

ஒலோருன் என்னும் ஒரே முழுமுதற் கடவுளை யொரூபாக்கள் நம்பினர் என்பதையும், மறுமை, மறுபிறப்பு ஆகியவற்றில் அவர்களுக்கிருந்த நம்பிக்கையையும் ஜான்சன் நேர்மையாகப் பதிவுசெய்கிறார். இஃபா குறிகேட்டல், சாங்கோ வழிபாடு, மூதாதையர் உருவில் வரும் எகுங்குன் ஆகியவற்றையும் விவரிக்கிறார். ஆயினும் வரலாற்றில் ஓங்கி எழும் அவர் எழுதுகோல் சமயத்திற்கு வரும்போது சுருங்கிவிடுகிறது. சடங்குகளைக் கூறுகிறார், அவை வழிபடுவோருக்கு எப்பொருள் தந்தன என்பதை வினவுவதில்லை. பெயரிடும் மரபில் தாயின் குரலைக் கேட்ட செவி, பலிபீடத்தின்முன் நிற்பவனின் மன்றாட்டை ஏன் கேட்கவில்லை?

இக்குறையை நிறைக்க எழுந்ததே போலாஜி இடோவுவின் ‘ஒலொடுமாரே’ என்னும் 1962ஆம் ஆண்டு நூல். மெதடிஸ்ட் குருவாகிய இடோவு, பல தெய்வங்களும் ஒரே இறைவனின் பணியாளர் எனக் கண்டு, அச்சமயத்தைப் பரவிய ஒருகடவுட் கொள்கை என்றார். இது ஜான்சன் விட்ட இடத்தை நிரப்புகிறது என்பது மெய். ஆயினும், உகாண்டாவின் ஓகோட் பிபிடெக் 1970இல் எழுப்பிய கண்டனத்தையும் புறக்கணிக்கலாகாது. ஆப்பிரிக்கத் தெய்வங்களுக்குக் கிறிஸ்தவ இறையியலின் ஆடையை உடுத்தி அழகுபார்க்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஜான்சன் தம் முன்னோரைச் சிதைந்த கிறிஸ்தவராகக் கண்டார். இடோவு அவர்களை மறைந்த ஒருகடவுட் கொள்கையினராகக் கண்டார். இருவரும் தம் முன்னோரைத் தம்மைப்போல் ஆக்கிக்கொண்ட பின்னரே மதிக்க முற்பட்டனரோ என்னும் ஐயம் எழுகிறது. முன்னோர் நம்மிலிருந்து வேறுபட்டவராயிருக்க அவர்களை விட்டுவிட்டு, அப்படியே நேசித்தல் அரிய செயல்.

போரும் இறைவனின் கரமும்

நூலின் பிற்பாதி நீண்ட புலம்பல் எனலாம். ஓயோவின் வீழ்ச்சியை ஜான்சன் அவோலே என்னும் மன்னனிடமிருந்து தொடங்குகிறார். அவன் இளமையில் வணிகனாக இருந்தபோது தன் நண்பனையே அடிமையாக விற்றான். அபோமு ஊர்த்தலைவன் நண்பனை மீட்டு இவனுக்குக் கசையடி கொடுத்தான். முடிசூடியதும் அவோலே பழிவாங்கத் துணிந்தான். படை அவனுக்கு எதிராகத் திரும்பியது. அவன் இறக்குமுன் மூன்று திசைகளிலும் அம்பெய்து தன் மக்களைச் சபித்தான் என்பது மரபு. அம்பு சென்ற திசைகளிலெல்லாம் மக்கள் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பழைய ஓயோ நகர் 1830களில் கைவிடப்பட்டது.

அதன்பின் வந்த இஜாயே போரை ஜான்சன் கூறுமிடம் நூலின் சிறந்த பக்கங்களுள் ஒன்று. அரசன் இறந்தால் அவன் மூத்த மகனும் உடன் இறக்கவேண்டும் என்பது பழைய வழக்கம். மன்னர் அதீபா இவ்வழக்கத்தை நீக்கினார். 1859இல் அவர் மறைய, மகன் அடேலு அரியணையேறினார். இஜாயேயின் தலைவன் குருன்மி பழைய முறையை விட்டுக்கொடுக்க மறுத்தான். போர் மூண்டது, மைந்தரை இழந்து அவனும் மாண்டான், 1862இல் இஜாயே அழிந்தது. ஒரு கொடிய வழக்கத்தை நீக்கிய சீர்திருத்தமே ஒரு நகரின் அழிவுக்கு வாயிலாயிற்று. நம் ஆசிரியர் அப்போது இபாதானில் முற்றுகையின் பசியை அறிந்த சிறுவர். எனினும் இபாதானின் எதிரியாகிய குருன்மியை அவர் அரக்கனாக்கவில்லை. எதிரியின் உறுதியையும் துயரையும் மறைக்காமல் எழுதுதல் ஆயரின் பண்பு.

1877இல் தொடங்கிய கிரிஜி போர் பதினாறு ஆண்டு நீடித்தது. 1886இல் லாகோஸ் ஆளுநரின் தூதராக இரு பாசறைகளுக்கும் இடையே சென்று சமாதான உடன்படிக்கைக்கு உழைத்தவர்கள் சார்ல்ஸ் பிலிப்ஸ், சாமுவேல் ஜான்சன் என்னும் இரு குருமார். பாசறைகள் முற்றிலும் கலைய 1893 வரை ஆயிற்று. இப்போருக்குப் பின்னரே நூல் முடிவுபெற்றது. ஆகவே பிரித்தானியர் வருகையில் அவர் இறைவனின் கரத்தைக் கண்டதை எளிதில் நகையாடலாகாது. தந்தையை அடிமைக் கப்பலிலிருந்து மீட்ட கொடியும், பதினாறாண்டுப் போரை நிறுத்திய கொடியும் அவர் கண்ணுக்கு ஒன்றே.

ஆயினும் இறையியலாளர் இங்கு நின்று வினவவேண்டும். அடிமை வாணிகத்திற்குச் சந்தை அமைத்தவர்களுள் அக்கொடியினரும் இல்லையா? அதே காலத்தில் திருச்சபைக்குள் நடந்தது என்ன? தன்னைத் தானே ஆண்டு, தாங்கி, பரப்பும் உள்நாட்டுத் திருச்சபை என்னும் ஹென்றி வென்னின் கொள்கை, திருநெல்வேலியிலும் யொரூபா நாட்டிலும் சி.எம்.எஸ். சங்கம் அறிவித்த அதே கொள்கை, 1890இல் நைஜர் பணிக்களத்தில் நொறுங்கியது. இளம் ஐரோப்பிய மிஷனெரிகள் முதியவராகிய பேராயர் கிரௌதரின் ஊழியரைக் குற்றஞ்சாட்டி நீக்கினர். அவர் 1891இல் மனமுடைந்து மறைந்தார். அவருக்குப்பின் ஐரோப்பியரே பேராயராயினர். ஜான்சன் இந்நூலை முடித்தது அக்காயம் ஆறாத ஆண்டுகளில். எம் மக்களுக்கும் ஆட்சி உண்டு, சட்டம் உண்டு, நினைவு உண்டு என எழுநூறு பக்கம் எழுதியதே அவருடைய மறுமொழி எனக் கொள்ளலாம். ஒரு பேரரசின் வருகையை மீட்பாகக் கண்ட அதே நூல், அப்பேரரசு மறுத்த தகுதியைத் தம் மக்களுக்கு நிலைநாட்டுகிறது. இம்முரண்பாட்டை ஆசிரியர் தீர்க்கவில்லை. நாமும் அவசரமாகத் தீர்க்கவேண்டியதில்லை. இறைவனின் கரம் ஓரரசின் வழியாகச் செயற்படக்கூடும். அதனால் அவ்வரசே இறைவனின் கரம் ஆகிவிடாது. கோரேசைப் பற்றி ஏசாயாவில் படிக்கும்போது நாம் கற்பிக்கும் வேறுபாடு இதுவே.

முடிவுரை

ஜான்சன் செவிசாய்த்துக் கேட்ட இடங்களில் அவரை மிஞ்ச இயலாது. தம் மக்களுக்காக வழக்காடிய இடங்களில் அவர் எளிதில் மறுக்கப்படுகிறார். இதுவே நம் தீர்ப்பு. பெயர்களின் பொருளையும் போரின் பசியையும் எழுதியவர் நிலைத்து நிற்கிறார். நிம்ரோதைத் தேடியவர் நூலடுக்கில் பழங்கொள்கையாகக் கிடக்கிறார்.

இந்நூலைப் படித்து முடித்தபோது என் நெஞ்சில் ஒரு குற்றவுணர்வு எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. நான் முதன்முதல் பணியாற்றிய சேகரத்தில், முதிய தாயார் ஒருவர் தம் முன்னோர் கிறிஸ்தவராகுமுன் வணங்கிய தெய்வத்தைப் பற்றியும் தம் குடும்பம் அக்கிராமத்திற்கு வந்த கதையைப் பற்றியும் பலமுறை சொல்லத் தொடங்குவார். ‘அதெல்லாம் பழைய கதை, பாட்டி’ என்று நகைத்து, ஜெபம் செய்து எழுந்துவிடுவேன். அவரை நானே அடக்கம் செய்தேன். அக்கதையும் அன்றே அடக்கமாயிற்று. அதை அறிந்தோர் இன்று ஒருவருமில்லை. ஓயோவின் ஆயரோ, தம் சபையின் முதியோர் காலடியில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தார். அவர் எழுதியது ஒருமுறை தொலைந்தது, மறுமுறை கடலில் சிறைப்பட்டது, எனினும் பிழைத்தது. நான் எழுதாதது தொலையவுமில்லை, பிழைக்கவுமில்லை.

இறையியல் மாணவர் இந்நூலின் கொள்கைகளைப் பின்பற்றவேண்டுமென நாம் கூறவில்லை; அவற்றுள் பல பின்பற்றத் தக்கன அல்ல. ஆனால் சபை முதியோரைச் சந்திக்கச் செல்லும் நாளில் திருமறையோடு ஒரு குறிப்பேட்டையும் கொண்டுசெல்லும் பழக்கத்தை இவ்வாயரிடமிருந்து கற்கலாம். கேட்டதைத் திருத்தாமல், கிறிஸ்தவமாக்காமல், கேட்டவாறே முதலில் எழுதுங்கள். இறையியல் விளக்கம் பின்னர் வரட்டும்; அதற்குக் காலம் உண்டு. முதியோருக்கோ காலம் குறைவு.